பசி குறைந்தது, பாத்திரம் குறையவில்லை

நேயர்களுக்கு வணக்கம். நான் ஓர் உணவியல் ஆலோசகர். பசியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் என்னிடம் வந்தால், எடை எவ்வளவு இறங்கியது, குமட்டல் இருக்கிறதா, தண்ணீர் போதுமான அளவு குடிக்கிறார்களா என்றெல்லாம் விசாரிப்பேன். இப்போதெல்லாம் இன்னொரு கேள்வியும் சேர்ந்துவிட்டது. வீட்டில் குப்பைக்குப் போகும் சாப்பாடு கூடியிருக்கிறதா? கொஞ்சம் தயங்கிவிட்டு ஆமாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இன்றைய பேச்சு அவர்களுக்காகத்தான்.

முதலில் மருந்தைப் பற்றிச் சுருக்கமாக. செமாக்ளூடைட், டிர்செபடைட் என்ற பெயர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சாப்பிட்டதும் நம் குடலில் ஜிஎல்பி-1 என்று ஒரு ஹார்மோன் சுரக்கிறது. அதன் வேலையைச் செய்யும் மருந்துகள் இவை. டிர்செபடைட், ஜிஐபி என்ற இன்னொரு ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. இயற்கையாகச் சுரப்பது சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடும். செமாக்ளூடைடோ உடலில் பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் ஆகும். அதனால்தான் வாரத்துக்கு ஓர் ஊசி போதுமானதாக இருக்கிறது. மூளைக்குப் 'போதும்' என்ற உணர்வு சீக்கிரம் வருகிறது. இரைப்பையும் மெதுவாகவே காலியாகிறது. சர்க்கரை நோய்க்காக வந்த மருந்துகள்தான் இரண்டும். எடைக் குறைப்புக்கென அமெரிக்காவில் செமாக்ளூடைடுக்கு 2021-இலும் டிர்செபடைடுக்கு 2023-இலும் அனுமதி கிடைத்தது.

இந்த மருந்து வயிற்றை மாற்றிவிடுகிறது, கையை மாற்றுவதில்லை. கடையில் பையை நிரப்பும் கை, அரிசியை அளக்கும் கை, தட்டில் பரிமாறும் கை, எல்லாம் பல வருடப் பழக்கத்திலேயே ஓடுகின்றன. பழைய பசிக்கு வாங்கி, பழைய பசிக்குச் சமைத்து, புதிய பசிக்குச் சாப்பிடுகிறோம். நடுவில் மிஞ்சுவதுதான் குப்பைக்குப் போகிறது.

அமெரிக்காவில் இந்த மருந்துகளை எடுக்கும் சுமார் 500 பேரிடம் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைப் பற்றிக் கேட்டார்கள். 2024-இல் முடிவு வெளிவந்தது. மருந்தைத் தொடங்கியபின் அதிகமாக வீணாக்குவதாகச் சொன்னவர்கள் 25 சதவீதம். அப்படியில்லை என்றவர்கள் 61 சதவீதம். ஆக, இது எல்லோருக்கும் வரும் சிக்கல் அல்ல. குமட்டல் உள்ளவர்களிடம் வீணாவது அதிகம், மருந்தை நெடுநாள் எடுத்தவர்களிடம் குறைவு என்பதும் அதில் தெரிந்தது. அதாவது கைக்கும் காலப்போக்கில் பழகிவிடுகிறது. அதுவரையுள்ள மாதங்களைத்தான் கவனிக்க வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். வீணாகக் கூடாது என்பதற்காகத் தட்டில் உள்ளதைத் தின்று தீர்க்காதீர்கள். மிச்சம் வைப்பது தவறு என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்களுக்கு இது கடினம், எனக்கும் புரிகிறது. ஆனால் நம் வயிறு குப்பைத் தொட்டி இல்லை. இந்த மருந்து எடுக்கும்போது போதும் என்று தோன்றிய பிறகும் உள்ளே தள்ளினால் குமட்டல், வாந்தி, நெஞ்செரிச்சல் என்று வந்து நிற்கும். அப்படித் தின்றாலும் அந்த உணவு யாருக்கும் பயன்படப்போவதில்லை. வீணாவதைத் தட்டுக்கு வருவதற்கு முன்பே தடுக்க வேண்டும். தட்டுக்கு வந்தபின் செய்யக்கூடியது குறைவுதான்.

கடையிலிருந்து தொடங்குவோம். ஊசி போட்டபின் ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் மருந்தின் அளவு இரத்தத்தில் உச்சத்துக்குப் போகிறது. அந்த நாட்களில் சிலருக்குச் சாப்பாட்டு வாசனையே பிடிப்பதில்லை. அடுத்த ஊசி நெருங்கும்போது பசி கொஞ்சம் எட்டிப்பார்க்கிறது. உங்கள் உடல் எப்படி நடந்துகொள்கிறது என்று சில வாரங்கள் கவனித்துப் பாருங்கள். ஊசிக்கு முந்தின நாள், பசி இருக்கும்போது கடைக்குப் போய்க் கீரையும் மீனும் பழமும் அள்ளிக்கொண்டு வந்தால், அடுத்த மூன்று நாளில் அவற்றைத் தொடவே மனம் வராது. சீக்கிரம் கெடுபவற்றை, பசி திரும்பும் நாட்களை ஒட்டிக் கொஞ்சமாக வாங்குங்கள். பருப்பு, முட்டை, உறைநிலையில் வைத்த காய்கறி போன்றவை காத்திருக்கும்.

மருந்தின் அளவைக் கூட்டும் வாரங்கள் இன்னும் கவனம் வேண்டியவை. எடைக் குறைப்புக்கான செமாக்ளூடைடை 0.25 மில்லிகிராமில் ஆரம்பித்து, வழக்கமாக நான்கு வாரங்களுக்கு ஒருமுறை படிப்படியாகக் கூட்டி 2.4 மில்லிகிராம் வரை கொண்டுபோவார்கள். ஒவ்வொரு படியிலும் குமட்டல் திரும்ப வரலாம். போன மாதம் ஆசையாகச் சாப்பிட்ட ஒன்று இந்த மாதம் கசக்கலாம். கொழுப்பு மிகுந்த உணவும் அதிக இனிப்பும் பலருக்குப் பிடிக்காமல் போகின்றன. எனவே மலிவாகக் கிடைக்கிறதே என்று பெரிய பொட்டலமாக வாங்கிச் சேர்ப்பது இந்தக் காலத்துக்கு ஏற்றதல்ல. பாதி கெட்டுப்போனால் மலிவு எங்கே?

சமையலில், கண்ணளவை நம்பாதீர்கள். ஒரு கிண்ணத்தை வைத்து அளந்து போடுங்கள். சாப்பிட்டு முடித்தபின் எவ்வளவு மிஞ்சியது என்று பார்த்து, அடுத்த முறை அந்த அளவைக் குறையுங்கள். வீட்டில் மற்றவர்களின் பசி மாறவில்லை என்பதையும் மறக்க வேண்டாம். உங்கள் பங்கு மட்டும்தான் குறைய வேண்டும். குழந்தைகளின் பங்கைச் சேர்த்துக் குறைத்துவிடக் கூடாது.

பரிமாறும்போது சின்னத் தட்டு, சின்னப் பங்கு. தேவையென்றால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். பாத்திரத்தில் இருப்பதை எடுத்து வைக்கலாம். வாய் வைத்த தட்டில் மிஞ்சியதை வைத்துக் காப்பாற்ற முடியாது. தட்டில் புரதத்தை முதலில் சாப்பிடுங்கள். முட்டை, பருப்பு, மீன், தயிர், எதுவாக இருந்தாலும் சரி. வேகமாக எடை குறையும்போது கொழுப்போடு தசையும் குறைகிறது. புரதத்தை முதலில் சாப்பிட்டால், சாப்பாட்டை நடுவில் நிறுத்த நேர்ந்தாலும் தசைக்கு வேண்டியது உள்ளே போயிருக்கும்.

அப்புறம் குளிர்சாதனப் பெட்டி. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். வீணாக்காமல் இருக்கிறேன் என்று மிச்சத்தை நாள்கணக்கில் வைத்துச் சாப்பிடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. கெட்ட உணவால் வரும் வாந்தியும் மருந்தால் வரும் வாந்தியும் ஒரே மாதிரிதான் இருக்கும். மருந்துதான் காரணம் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடுவோம். ஏற்கெனவே குறைவாக உண்டு குறைவாகக் குடிக்கும் உடலில் நீரிழப்பு சீக்கிரம் வரும். கடுமையானால் சிறுநீரகத்தைப் பாதிக்கும். வாந்தி நிற்காவிட்டால், தண்ணீர்கூடத் தங்காவிட்டால், மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் குளிரில் வையுங்கள். சோற்றுக்கு இது ரொம்ப முக்கியம். வெளியே கிடக்கும் சோற்றில் ஒரு வகைப் பாக்டீரியா பெருகி நச்சை உண்டாக்கும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நச்சு அழியாது. பெட்டிக்குள் 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இருக்கட்டும். மிச்சத்தை மூன்று நாலு நாளுக்குள் முடியுங்கள். அதற்குள் முடியாது என்று முதல் நாளே தெரிந்தால், அன்றைக்கே உறைபெட்டிக்கு மாற்றிவிடுங்கள். நான்காம் நாள் மனசாட்சி உறுத்தி உறைய வைப்பதில் பிரயோசனமில்லை. ஒருவர் ஒருவேளைக்கு, அதுவும் இப்போதைய பசிக்கு எவ்வளவோ, அந்த அளவில் சின்னச் சின்ன டப்பாக்களாக வைத்துத் தேதி எழுதுங்கள். குமட்டல் நாளில் சமைக்கத் தெம்பில்லாதபோது அந்த டப்பா கைகொடுக்கும். ரொட்டியையும் துண்டு துண்டாக உறைய வைக்கலாம்.

மருந்து அடைத்து வரும் ஊசிப் பேனாவும் அதே குளிர்சாதனப் பெட்டியில்தான் இருக்கும். அதை உறைபெட்டியிலோ, உறைபனி பிடிக்கும் இடத்திலோ வைத்துவிடாதீர்கள். உறைந்துபோன மருந்தைப் பயன்படுத்தக் கூடாது.

ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்குப்படி 2022-இல் உலகம் முழுவதும் வீணான உணவு 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. இந்த மருந்து எடுப்பவர்கள் அதற்கெல்லாம் பொறுப்பு என்று நான் சொல்ல வரவில்லை. பழகியபின் முன்பைவிடக் குறைவாக வாங்கி, குறைவாக எறியும் வீடுகளாகவும் இவை மாறலாம்.

கடைசியாக, வெளியே சாப்பிடும்போது வெட்கப்படாமல் முன்கூட்டியே சொல்லுங்கள். உணவகத்தில் பாதி அளவு கேளுங்கள், அல்லது இன்னொருவரோடு பகிர்ந்துகொள்ளுங்கள். விருந்துக்கு அழைத்தவரிடம், எனக்கு இப்போது கொஞ்சம்தான் இறங்கும், நானே போட்டுக்கொள்கிறேன் என்று சொன்னால் போதும். என்ன மருந்து, எதற்காக என்று விளக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

நன்றி, வணக்கம்.