அடிக்காதீர்கள், அது பிள்ளையின் கையில் இல்லை

(மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில், பெற்றோர் கூட்டத்தில் பேசியது. பேசும்போது விட்டுப்போன ஒன்றிரண்டை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். தலைமை ஆசிரியர் அம்மா என்னைச் சத்தான சாப்பாடு பற்றிப் பேசத்தான் கூப்பிட்டார்கள். நான் கேட்டு வாங்கிக்கொண்ட தலைப்பு வேறு. வெளிக்குப் போவது பற்றி. பின்னால் உட்கார்ந்திருக்கிற தம்பிகள் சிரிக்கிறீர்கள், சிரியுங்கள், பரவாயில்லை. குழந்தைகள் வார்டில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இந்த ஒரு விஷயத்தைப் பேசக் கூச்சப்பட்டதால் அடி வாங்கிய பிள்ளைகளையும், நோய் முற்றி வந்த பெரியவர்களையும் பார்த்துப் பார்த்து மனசு விட்டுப்போய்த்தான் இங்கே வந்து நிற்கிறேன்.

முதலில் பிள்ளைகள். ஏழெட்டு வயசுப் பிள்ளை, நன்றாகப் படிக்கும், ஓடியாடி விளையாடும், ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஜட்டியைக் கழற்றினால் அதில் கொஞ்சம் மலம் ஒட்டியிருக்கும். தினமும். அம்மா கேட்டால் "தெரியாமப் போயிருச்சும்மா" என்று சொல்லும். பொய் சொல்லுது, சோம்பேறித்தனம், விளையாட்டு மும்முரத்தில் அங்கேயே போயிருது என்று முதுகில் ரெண்டு வைப்பார்கள். வகுப்பில் பக்கத்துப் பிள்ளைகள் மூக்கைப் பிடிப்பார்கள், கடைசி பெஞ்சுக்குத் தள்ளுவார்கள். அந்தப் பிள்ளை சொன்னது உண்மை. அதற்கு நிஜமாகவே தெரியாது. இன்றைக்கு நான் சொல்கிறதில் வேறு எதுவும் ஞாபகத்தில் நிற்காவிட்டாலும் இதை மட்டும் வீட்டுக்குக் கொண்டு போங்கள்.

எப்படித் தெரியாமல் போகும்? மலச்சிக்கலால்தான். இது என்றைக்கோ ஒருநாள் வலியில் ஆரம்பித்திருக்கும். காய்ச்சலில் தண்ணீர் சரியாகக் குடிக்காமல் மலம் இறுகி, போகும்போது ஆசனவாய் லேசாகக் கிழிந்து எரிந்திருக்கும். தாய்ப்பாலை நிறுத்திப் பசும்பாலுக்கு மாற்றும்போது, அங்கன்வாடியில் புதிதாகச் சேர்க்கும்போது, இப்படி ஏதாவது ஒரு சமயம். பிள்ளைக்குப் புரிவது ஒன்றுதான்: போனால் வலிக்கும். அதனால் அடக்கும். கதவுக்குப் பின்னால் போய் நின்று, காலைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில் எம்பி, முகம் சிவந்து நிற்குமே, பார்த்திருப்பீர்கள். முக்குது, வரமாட்டேங்குது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது முக்குவதில்லை, வந்ததை உள்ளே இழுத்துப் பிடிப்பது.

அடக்கிய மலம் உள்ளேயே தங்கும். குடல் அதிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் இன்னும் இறுகும், இன்னும் பருக்கும், அடுத்த முறை இன்னும் வலிக்கும், பிள்ளை இன்னும் அடக்கும். மாதக்கணக்கில் இப்படியே போனால் மலக்குடல் நைந்துபோன பாவாடை எலாஸ்டிக் மாதிரி ஆகிவிடும், நிறைந்திருந்தாலும் நிறைந்தது தெரியாது, சுருங்கித் தள்ளவும் வலு இருக்காது. மேலே புதிதாக வருகிற இளகின மலம், கட்டிப்போன மலத்தின் ஓரத்தில் கசிந்து இறங்கி ஜட்டியில் படும். அதைத்தான் நாம் பார்க்கிறோம். வயித்தாலே போகுது என்று நினைத்துக் கடையில் பேதியை நிறுத்துகிற மாத்திரை வாங்கிக் கொடுத்தவர்கள் உண்டு. அடைத்துக் கிடக்கிற பிள்ளைக்கு அதை இன்னும் அடைக்க மருந்து. அப்படிச் செய்துவிடாதீர்கள். ராத்திரி படுக்கையில் மூத்திரம் போவது, அடிக்கடி நீர்க்கடுப்பு வருவது, இதுகூடச் சில பிள்ளைகளுக்கு நிறைந்த மலக்குடல் மூத்திரப்பையை அழுத்துவதால் வருவதுதான்.

வாரத்துக்கு இரண்டு தடவையோ அதற்கும் குறைவாகவோ போகிறது, போகும்போது அழுகிறது, அடக்குகிறது, ஜட்டியில் ஒட்டுகிறது, இதில் ரெண்டு சேர்ந்து ஒரு மாதமாக இருந்தாலே மருத்துவரிடம் காட்ட வேண்டும். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற கைக்குழந்தையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பிறந்து ஒன்றரை மாதம் தாண்டிய பிறகு அது நாலைந்து நாள், ஒரு வாரம்கூடப் போகாமல் இருக்கும். போகும்போது இளக்கமாகப் போய், பாலும் குடித்து, எடையும் ஏறினால் பயமே வேண்டாம். வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து வைப்பது, சோப்புத் துண்டு வைப்பது, தொக்கம் எடுக்கக் கூட்டிப்போவது, மாசத்துக்கு ஒருதரம் பேதிக்குக் கொடுப்பது, இதையெல்லாம் நம் பாட்டிமார்கள் பிள்ளை மேல் இருந்த பாசத்தில்தான் செய்தார்கள். பாசம் இருக்கட்டும், காம்பும் சோப்பும் வேண்டாம். ஏற்கெனவே அந்த இடத்தைத் தொட்டாலே பயப்படுகிற பிள்ளைக்கு அது இன்னும் பயத்தைத்தான் கூட்டும்.

சரி, வைத்தியம் என்ன? முதலில் உள்ளே கட்டிக் கிடப்பதை வெளியேற்ற வேண்டும். தண்ணீரில் கலக்கிக் கொடுக்கிற பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பொடியை மருத்துவர் எழுதித் தருவார், எடைக்குத் தகுந்த அளவில் சில நாள் கொடுத்தால் காலியாகும். அந்தச் சில நாளும் கசிவு கூடும், பயப்படாதீர்கள், லீவு நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். அதோடு முடிந்தது என்று எல்லோரும் நிறுத்துகிறார்கள். அங்கேதான் கெடுகிறது. நைந்த குடல் பழைய அளவுக்குச் சுருங்கி, உணர்ச்சி திரும்ப மாதங்கள் ஆகும். அதுவரை அந்தப் பொடியோ லாக்டுலோஸ் திரவமோ குறைந்த அளவில் தினமும் போகவேண்டும். குறைந்தது இரண்டு மாதம், பல பிள்ளைகளுக்கு ஆறு மாதம், அதற்கு மேலும். நிறுத்தும்போதும் மருத்துவர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான். "மருந்துக்குக் குடல் பழகிப்போயிருமே சிஸ்டர்" என்று கேட்காத அம்மா இல்லை. பழகாது. இந்த மருந்துகள் குடலுக்குள் தண்ணீரைப் பிடித்துவைத்து மலத்தை இளக்குகின்றன, அவ்வளவுதான் வேலை.

மருந்தோடு உட்காருவதும் வேண்டும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் பெருங்குடல் தானாக அசையும், எல்லா மனுசருக்கும் உடம்பே அப்படித்தான் அமைந்திருக்கிறது. அந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டு, காலைச் சாப்பாட்டுக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் பிறகு ஐந்து நிமிஷத்திலிருந்து பத்து நிமிஷம் உட்கார வையுங்கள். நம்ம ஊர்க் குத்தவைக்கிற கக்கூஸ் நல்லதுதான், முட்டி மடங்கினால் வழி நேராகும். மேல்நாட்டுக் கக்கூஸ் என்றால் காலுக்கு ஒரு முக்காலி போடுங்கள், கால் தொங்கக்கூடாது. போனானோ இல்லையோ, உட்கார்ந்ததற்குத் தினசரிக் காலண்டரில் ஒரு நட்சத்திரம் போடுங்கள். கசிந்தால் திட்டாமல் கழுவிவிடுங்கள். அப்பாமார்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கழுவிவிடுவது அம்மா வேலை மட்டுமில்லை.

சாப்பாடு. பால் நல்லதுதான், ஆனால் அரை லிட்டருக்கு மேல் பாலைக் குடித்துவிட்டு, டீயும் வர்க்கியும், ராத்திரிக்குக் கடைப் புரோட்டாவும் என்று வளர்கிற பிள்ளைக்கு வேறெதற்கும் வயிற்றில் இடம் கிடையாது. கேப்பைக் களி, கம்பங்கூழ், முருங்கைக்கீரை, கொய்யா, பப்பாளி எல்லாம் நம் வீட்டைச் சுற்றியே கிடைப்பவை, கொடுங்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். குடல் அடைத்துக் கிடக்கும்போது கீரையும் பழமும் மட்டும் அதைத் திறக்காது. "நான் தினம் வாழைப்பழம் கொடுக்கிறேனே" என்று மருந்தைத் தள்ளிப்போட்டு வருசத்தைக் கழித்தவர்கள் நிறைய.

எல்லா மலச்சிக்கலும் பழக்கத்தால் வருவதில்லை. பிறந்த பிள்ளை அந்த முதல் கருப்பு மலத்தை இரண்டு நாளுக்குள், அதாவது 48 மணி நேரத்துக்குள் போகவில்லை, வயிறு உப்புகிறது, பச்சையாக வாந்தி எடுக்கிறது என்றால் உரம் விழுந்திருக்கிறது என்று எங்கும் கொண்டுபோகாதீர்கள். அன்றைக்கே, அந்த மணி நேரமே ஆஸ்பத்திரி. சுமார் 5000 பிள்ளைகளில் ஒன்றுக்குப் பெருங்குடலின் கடைசிப் பகுதியில் இருக்கவேண்டிய நரம்பு அணுக்கள் இருக்காது, அந்த இடம் தளராது, மலத்தைக் கீழே விடாது. ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய் என்று இதற்குப் பெயர், 1886-ல் இதை எடுத்துச் சொன்ன டென்மார்க் குழந்தை மருத்துவரின் பெயர். அந்தப் பகுதியை எடுத்துவிட்டு நல்ல குடலைக் கீழே இணைக்கிற அறுவை சிகிச்சை உண்டு. மதுரைப் பெரியாஸ்பத்திரியில், அதாவது 1940-ல் எர்ஸ்கின் ஆஸ்பத்திரியாக ஆரம்பித்த நம்ம இராசாசி மருத்துவமனையில், குழந்தைகள் அறுவை சிகிச்சைக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. காப்பீட்டுத் திட்ட அட்டையைக் கையில் எடுத்துப் போங்கள்.

இந்த அறுவை முடிந்த பிள்ளைகளையும், ஆசனவாய் சரியாக அமையாமல் பிறந்து அறுவை செய்த பிள்ளைகளையும், முதுகுத்தண்டு மூடாமல் பிறந்த பிள்ளைகளையும் பற்றி ஒரு வார்த்தை. ஆபரேசன் ஆகிவிட்டது, இனி எல்லாம் சரி என்று வீட்டில் நினைப்பார்கள். பலருக்கு வருசக்கணக்கில் சிக்கலோ கசிவோ இருக்கும். அதற்கும் வழி இருக்கிறது. தினமும் ஒரே நேரத்தில், மருத்துவர் சொல்லிக்கொடுத்தபடி எனிமா கொடுத்துக் குடலைக் கழுவிவிட்டால் மறுநாள்வரை பிள்ளை சுத்தமாக, தைரியமாகப் பள்ளிக்கூடம் போகலாம். சிலருக்குக் குடல்வாலை வைத்து வயிற்றில் ஒரு சின்ன வழி அமைத்து, மேலிருந்து தண்ணீர் விட்டுத் தாங்களே கழுவிக்கொள்ள வைக்கிறார்கள், இந்த முறை 1990-லிருந்து இருக்கிறது. குடலைக் குணப்படுத்துவது ஒன்று, கசிவில்லாமல் ஒரு நாளை நடத்திக் கொடுப்பது இன்னொன்று. முதலாவது முழுசாக முடியாதபோது இரண்டாவதைக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் பெரியவர்கள். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் பாருங்கள், மூலம் பௌத்திரம் என்று எத்தனை நோட்டீஸ். அதைப் படித்துப் படித்து, ரத்தம் போனாலே மூலம்தான் என்று நாமே முடிவுகட்டி, சூட்டு உடம்பு என்று மோரைக் குடித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறோம். மூலமாகவும் இருக்கலாம், பலருக்கு அதுதான். ஆனால் ரத்தம் மலத்தோடு கலந்து சளியோடு வருவது, தூக்கத்தில் எழுப்பி வெளிக்கு இழுப்பது, எடை குறைவது, காரணம் தெரியாமல் ரத்தசோகை, நாற்பத்தைந்து வயசுக்கு மேல் புதிதாகப் போக்கு மாறுவது, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய், இதில் ஒன்று இருந்தாலும் குழாய் விட்டுப் பார்க்கிற கொலனோஸ்கோப்பி வரைக்கும் போகவேண்டியிருக்கலாம். அந்தப் பரிசோதனைக்கு வெட்கப்பட்டுத் தள்ளிப்போடாதீர்கள்.

பெருங்குடல் புண் நோய், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்பார்கள், வாலிப வயசிலேயே வரும். நன்றாக இருக்கும்போது மாத்திரையை நிறுத்துவார்கள், திரும்ப ரத்தம் வரும், பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் ஸ்டீராய்டு வாங்கிப் போடுவார்கள். ரெண்டுமே தப்பு. மெசலமின் மாத்திரை நன்றாக இருக்கும்போதும் நோயை அடங்கியிருக்க வைக்கத்தான். மூட்டுவலிக்கு என்று நீங்களாக வலி மாத்திரை வாங்கிப் போடுவதும் இந்தக் குடலைக் கிளப்பிவிடலாம். குரோன்ஸ் நோய் என்று இன்னொன்று, அதுவும் குடலில் புண் வருகிற நோய்தான். நம் நாட்டில் குடல் காசநோயும் பார்க்க அச்சாக அப்படியே இருக்கும். அதனால்தான் மருத்துவர் சதை எடுத்துச் சோதிக்கிறார், சில சமயம் காசநோய் மருந்தை முதலில் கொடுத்துப் பார்க்கிறார். அலைக்கழிக்கிறார்கள் என்று நினைத்து நடுவில் வேறு வைத்தியத்துக்கு ஓடிவிடாதீர்கள்.

எல்லாச் சோதனையும் சரியாக இருந்து, வயிறு மட்டும் வலித்துக்கொண்டும் மாறி மாறிப் போய்க்கொண்டும் இருக்கிறவர்கள் உண்டு. "ஒன்றுமில்லை, மனப்பிரமை" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். பிரமை இல்லை, வலி நிஜம். குடலுக்கு உணர்வு அளவுக்கு மீறிக் கூடிப்போன நிலை அது, புற்றுநோயாக மாறாது, வெங்காயம், பூண்டு, பருப்பு, கோதுமை, பால் இதில் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று உணவு நிபுணரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். மொத்தத்தையும் ஒரேயடியாக நிறுத்திக் காய்ந்துபோகாதீர்கள். இவர்கள் காதுகுத்துக்கும் கெடாவெட்டுக்கும் வருவதை நிறுத்திவிடுவார்கள். பஸ் ஏறுகிற அன்று பட்டினி கிடப்பார்கள். அவர்களுக்கு ஒரு சின்ன உதவி நீங்கள் செய்யலாம். உங்கள் வீட்டு விசேஷத்தில் கக்கூஸ் எங்கே என்று அவர்கள் கேட்கும் முன்னால் காட்டிவிடுங்கள். பையில் ஒரு மாற்றுத்துணி வைத்திருக்கிறவரைக் கேலி செய்யாதீர்கள். ஆபரேசனுக்குப் பிறகு மலம் சேர வயிற்றில் பை வைத்திருக்கிறவரும் அப்படித்தான், காட்டு வேலை செய்யலாம், கோயிலுக்குப் போகலாம், கல்யாணம் கட்டலாம். பை வைத்த இடத்தில் தோல் புண்ணாகாமல் பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொடுக்கச் சொல்லி மட்டும் ஆஸ்பத்திரியில் பிடிவாதமாகக் கேளுங்கள்.

இங்கே நிறைய அம்மாக்கள் நூறுநாள் வேலைக்கும் களை எடுக்கவும் போகிறீர்கள். ஒதுங்க இடமில்லை என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல், வெளிக்கு வந்ததை இருட்டும்வரை அடக்கி வைக்கிறீர்கள். உங்கள் மலச்சிக்கலுக்கு மாத்திரை எழுதித் தருவது எளிது, மறைவிடம் கட்டித் தருவதுதான் மருந்து. கிராமசபையில் எழுந்து கேளுங்கள்.

இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். காலை உணவுத் திட்டத்தை 2022 செப்டம்பர் 15-ல் நம்ம மதுரையில், நெல்பேட்டை ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான் தொடங்கினார்கள். ரொம்ப நல்ல திட்டம். இப்போது யோசியுங்கள். சாப்பிட்ட பிறகு குடல் அசையும் என்றேன். பிள்ளைகள் காலையில் சாப்பிடுவது இங்கே. அப்படியென்றால் அவர்களுக்கு வெளிக்கு வருகிற நேரமும் இங்கேதான், முதல் பீரியடில். அப்போது டீச்சர் "மணி அடிக்கட்டும், உட்கார்" என்றால், கக்கூசில் தண்ணீர் இல்லை, கதவு சாத்தாது என்றால், நாமே பிள்ளையை அடக்கப் பழக்குகிறோம்.

அதனால் பள்ளி மேலாண்மைக் குழுவில் இன்றைக்கே தீர்மானமாக எழுதுங்கள். காலைச் சாப்பாட்டுக்கும் முதல் மணிக்கும் நடுவே பத்து நிமிஷம் கக்கூசுக்கு விடவேண்டும். கேட்கிற பிள்ளையை வகுப்பு நடுவிலும் அனுப்பவேண்டும், காரணம் கேட்கக்கூடாது. ஒவ்வொரு கதவுக்கும் உள் தாழ்ப்பாள், சின்னப் பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில். வாளி, மக்கு, சோப்பு. கசிவு இருக்கிற பிள்ளைக்கு ஒரு மாற்றுத்துணி, தலைமை ஆசிரியர் அறையில், மற்ற பிள்ளைகளுக்குத் தெரியாமல். கூட்டத்தில் கேட்கக் கூச்சமாக இருக்கிறவர்களுக்காக நான் சத்துணவுக் கூடத்துக்குப் பக்கத்தில் அந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். பிள்ளையைப் பற்றிக் கேளுங்கள், உங்களைப் பற்றியும் கேளுங்கள், சீட்டு ஏதாவது இருந்தால் எடுத்து வாருங்கள்.