மூக்கி பெட்ஸுக்காகக் கோபப்பட்டது நியாயமே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்தக் குளிரிலும் பாஸ்டனைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வண்டி ஓட்டி வந்திருக்கும் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம்.

'மூக்கி பெட்ஸை ரெட் சாக்ஸ் அணி கைமாற்றியபோது ரசிகர்களுக்கு வந்த கோபம் நியாயமா, வெறும் உணர்ச்சியா?' இதுதான் தலைப்பு. ரெட் சாக்ஸ் நம் பாஸ்டனின் பேஸ்பால் அணி, பெட்ஸ் அதன் நட்சத்திர ஆட்டக்காரராக இருந்தவர். நியாயமே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் சற்று முன் கேட்டார்: "பேஸ்பால் ஒரு தொழில். தொழிலில் ஆள் வருவான், போவான். சட்டையில் எழுதியிருக்கிற பெயருக்காக அழலாமா?" கைதட்டலும் வாங்கினார். சரி, அந்தச் சட்டையிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் வீட்டில் பெட்ஸின் எண்ணான 50 போட்ட சிவப்புச் சட்டை ஒன்று இருக்கிறது. மகளுக்கு ஒன்பது வயதில் வாங்கியது. வளர்கிற பிள்ளை என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கினோம், நம் வீடுகளில் வழக்கம்தானே. முதல் வருடம் முழங்கால் வரை தொங்கும். அதைப் போட்டுக்கொண்டுதான் 2018 ஜூலை 12ஆம் தேதி என்னோடு ரெட் சாக்ஸின் மைதானமான ஃபென்வே பார்க்குக்கு வந்தாள். டொராண்டோவுடன் ஆட்டம். மூன்று பேஸிலும், அதாவது ஓடுகிறவர் தொட வேண்டிய மூன்று நிலைகளிலும், நம் ஆட்கள். பந்து வீசுகிறவர் ஜே.ஏ. ஹாப். பெட்ஸ் அடிக்கிறார், பந்து கோட்டுக்கு வெளியே, ஃபவுல். அடுத்ததும் ஃபவுல். வெளியே போகிற பந்தை விடுகிறார், உள்ளே வருவதைத் தட்டி விடுகிறார். பத்துப் பந்து தாண்டிவிட்டது. உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்துவிட்டார்கள். மகள் என் முழங்கையைப் பிடித்த பிடியை விடவே இல்லை. 13ஆவது பந்து அந்த 37 அடிப் பச்சைச் சுவரைத் தாண்டிப் போயிற்று. கிராண்ட் ஸ்லாம்! ஒரே அடியில் நான்கு ரன். பெட்ஸ் கத்திக்கொண்டே ஓடினார். அவர் மூன்றாவது பேஸைச் சுற்றி வரும்வரை நானும் கத்திக்கொண்டிருந்தேன். இதை உணர்ச்சி என்று சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். அந்த உணர்ச்சியைத்தான் டிக்கெட் போட்டு விற்கிறார்கள், நடுவர் அவர்களே.

அந்த வருடம் அவருடைய பேட்டிங் சராசரி .346. பந்தை மைதானத்தைத் தாண்டி அடித்த ஹோம் ரன் 32, பந்து வீசும் நேரத்தில் ஓடித் திருடிய பேஸ் 30. அமெரிக்கன் லீகின் எம்.வி.பி., அதாவது ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர். அணி 108 ஆட்டங்களை வென்றது, சாம்பியனை முடிவு செய்யும் உலகத் தொடரில் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸை நான்குக்கு ஒன்று என்று தோற்கடித்தது. டாட்ஜர்ஸ் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொடரின் இரண்டாவது ஆட்டம் முடிந்த இரவு, நடுநிசி தாண்டி, பாஸ்டன் பொது நூலகத்துக்கு வெளியே படுத்திருந்த வீடில்லாதவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார் பெட்ஸ். பார்த்தவர்கள் சொல்லித்தான் ஊருக்குத் தெரிந்தது. 2011இல் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் ஐந்தாவது சுற்றில் எடுத்து, இங்கேயே வளர்த்த பையன். அவனை ஊர் தன் பிள்ளையாக நினைத்ததில் என்ன அதிசயம்?

2020 பிப்ரவரியில் அவரை அதே டாட்ஜர்ஸுக்கு அனுப்பினார்கள். கூடவே டேவிட் பிரைஸ் என்ற பந்துவீச்சாளரையும், அவருடைய மீதிச் சம்பளத்தில் பாதியையும் கொடுத்தார்கள். பதிலுக்கு வந்தவர்கள் அலெக்ஸ் வெர்டூகோ, ஜீட்டர் டவுன்ஸ், கானர் வாங். ஏன் இந்த டிரேடு, இந்த ஆள்மாற்று? 2020இல் சம்பளக் கணக்கு 20 கோடியே 80 லட்சம் டாலரைத் தாண்டினால் அணி லக்ஸரி டாக்ஸ் என்ற அபராத வரி கட்ட வேண்டியிருந்தது, தொடர்ந்து தாண்டினால் விகிதம் ஏறும். 2018, 2019 இரண்டு வருடமும் தாண்டியிருந்தார்கள். ஒரு வருடம் கோட்டுக்குக் கீழே வந்துவிட்டால் விகிதம் பழைய நிலைக்குத் திரும்பும். பெட்ஸின் அந்த வருடச் சம்பளம் 2 கோடியே 70 லட்சம். கணக்கு புரிகிறதா?

வரி கட்ட முடியாத ஏழை அணியா இது? உரிமையாளர்கள் 2002இல் ஃபென்வே பார்க்கும் தொலைக்காட்சிப் பங்கும் சேர்த்து சுமார் 70 கோடி டாலருக்கு வாங்கியது, 2020இல் 300 கோடிக்கு மேல் மதிப்பு. அந்த மதிப்பை ஏற்றியவர்களில் மழையில் நனைந்துகொண்டே ஒன்பதாவது இன்னிங்ஸ் வரை உட்கார்ந்திருந்தவர்களும் உண்டு.

எதிரணி இன்னொன்றும் சொன்னது. பத்து ஆண்டுக்கு 30 கோடி டாலர் கொடுக்கப் பேசினார்கள், பெட்ஸ் ஒப்பவில்லை, எப்படியும் சீசன் முடிவில் ஒப்பந்தம் முடிந்து, எந்த அணிக்கும் போகக்கூடிய ஃப்ரீ ஏஜென்டாகப் போயிருப்பார் என்றது. பத்திரிகைகளிலும் அப்படித்தான் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் 'எப்படியும் போயிருப்பார்' என்பது ஊகம். நடந்தது என்ன? 2020 ஜூலை 22. டாட்ஜர்ஸுக்காக சீசனில் ஒரு ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை. அதற்குள் 12 ஆண்டுக்கு, 36 கோடியே 50 லட்சம் டாலருக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஓர் ஊரில் தங்க மாட்டேன் என்கிற மனிதர் இல்லை அவர். தன் விலை தெரிந்தவர், அவ்வளவுதான். அந்த விலையைக் கொடுக்க ஓர் அணி இருந்தது, நம்முடையது கொடுக்கவில்லை. அதே அக்டோபரில் டாட்ஜர்ஸ் உலகத் தொடரை வென்றது, கடைசி ஆட்டத்தில் பெட்ஸ் ஹோம் ரன் அடித்தார். நாம் அந்த வருடம் நம் பிரிவில் கடைசி.

இப்போது எதிரணியின் மிகப் பலமான வாதத்துக்கு வருகிறேன். "2004இல் அன்றைய நட்சத்திரம் நோமார் கார்சியபாராவை அனுப்பியபோதும் இப்படித்தான் அழுதீர்கள். அந்த வருடமே 86 வருடத் தவம் முடிந்து கோப்பை வந்தது. ரசிகர்கள் எப்போதும் அழுவார்கள், நிர்வாகம்தான் தொலைநோக்கோடு யோசிக்கும்." நல்ல வாதம்தான். ஆனால் அது எங்கள் பக்கத்து சாட்சி.

ஜூலை 31, 2004. நோமார் போனார், ஊர் அழுதது. பதிலுக்கு வந்தவர் ஆர்லாண்டோ கப்ரேரா, இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே தடுக்கும் ஷார்ட்ஸ்டாப் இடத்தை அடைத்தார். டக் மின்கேவிச் முதல் பேஸுக்கு வந்தார், உலகத் தொடரின் கடைசி அவுட்டில் பந்தைப் பிடித்த கை அவருடையது. அதே நாளில் வேறொரு டிரேடில் டேவ் ராபர்ட்ஸ் வந்தார். நம் பரம எதிரி நியூயார்க் யாங்கீஸிடம் லீக் இறுதித் தொடரில் மூன்று ஆட்டம் தோற்று, நான்காவதிலும் தோற்கும் நிலையில் இருந்தபோது இரண்டாவது பேஸைத் திருடிய அதே ராபர்ட்ஸ். (பெட்ஸை வரவேற்ற டாட்ஜர்ஸின் மேலாளரும் அவர்தான். எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிற இடம் அது.) அந்த டிரேடை பாஸ்டன் மன்னித்தது. கோப்பை வந்ததால் மட்டும் மன்னித்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. அது ஜெயிப்பதற்காகச் செய்த டிரேடு, ஓட்டையை அடைக்கச் செய்தது. பெட்ஸ் டிரேடு வரிக்காகச் செய்தது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தவர்கள் ரசிகர்கள். வெறும் உணர்ச்சி என்றால் இரண்டு கோபமும் ஒரே மாதிரி இருந்திருக்க வேண்டுமே? ஒன்று சில மாதத்தில் ஆறியது, மற்றது இன்னும் ஆறவில்லை.

2021இல் அரையிறுதிக் கட்டம் வரை போனோம், உண்மை. 2022, 2023 இரண்டிலும் மறுபடி பிரிவில் கடைசி. டவுன்ஸை 2022 டிசம்பரிலேயே விட்டுவிட்டார்கள். வெர்டூகோவை அடுத்த டிசம்பரில் யாங்கீஸுக்கே அனுப்பினார்கள். வாங் மட்டும் தங்கினார். பாவம், உழைக்கிற கேட்சர், அவர்மேல் யாருக்கும் கோபம் இல்லை.

2023 ஆகஸ்ட் 25. பெட்ஸ் முதல்முறையாக டாட்ஜர்ஸ் சட்டையில் ஃபென்வேயில் ஆட வந்தார். அந்தச் சிவப்புச் சட்டை அப்போது மகளுக்குத் தோளில் இறுக்கம், கை முழங்கைக்கு மேலே ஏறிவிட்டது. அதையேதான் போடுவேன் என்றாள். அவர் மட்டையோடு நடந்து வந்தபோது அரங்கமே எழுந்து நின்றது. அவர் ஹெல்மெட்டைக் கழற்றி நாலு பக்கமும் காட்டினார். கைதட்டல் நிற்கவில்லை. எதிரணி ஆட்டக்காரருக்கு, எங்களைத் தோற்கடிக்க வந்தவருக்கு, எழுந்து நின்று தட்டினோம். பெட்ஸ்மேல் யாருக்கும் கோபம் இருந்ததே இல்லை, நடுவர் அவர்களே. யார்மேல் கோபம் என்பதை அந்தக் கைதட்டலைக் கேட்டுக்கொண்டு மேல்மாடி அறைகளில் இருந்தவர்கள் அறிவார்கள்.

வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.