அம்மியும் நகரும்: அலி, ஃப்ரேசியர், ஃபோர்மேன்

(வடசென்னையில் எங்கள் குத்துச்சண்டை மன்றத்தின் ஆண்டு விழாவில் பேசியது. எழுத்தில் வேண்டும் என்று பலர் கேட்டதால் இங்கே தருகிறேன்.)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் மன்றத் தலைவர் அவர்களே, ஐந்தரை மணிக்கே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, நம் வார்டு கவுன்சிலர் அம்மா அவர்களே, மூன்று தலைமுறைப் பையன்களுக்குக் கை கட்டிவிட்ட வாத்தியார் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, மேடைக்குப் பின்னால் கிளவுஸ் மாட்டிக்கொண்டு குதித்துக்கொண்டிருக்கும் தம்பிகளே, தங்கைகளே, உங்கள் எல்லோருக்கும் என் மாலை வணக்கம்.

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். நம் பயிற்சிக் கொட்டகைக்குப் புதிய கூரை போட்டுக் கொடுத்தவர் சட்டமன்ற உறுப்பினர். போன மழையில் ஒரு சொட்டு உள்ளே விழவில்லை. கவுன்சிலர் அம்மா பெண் பிள்ளைகளுக்குத் தனியாக உடை மாற்றும் அறை கட்ட வழி செய்தார். அதன் பிறகுதான் இங்கே பதினோரு பெண்கள் பயிற்சிக்கு வருகிறார்கள். வாத்தியாரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்த ஒரு மாலை போதாது. அவர் இன்னும் சைக்கிளில்தான் வருகிறார், காலை ஐந்து மணிக்கு நமக்கு முன்னால் வந்து நிற்கிறார்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, "1970களின் ஹெவிவெயிட் வீரர்களில் யார் பெரியவர்?" முகமது அலி, ஜோ ஃப்ரேசியர், ஜார்ஜ் ஃபோர்மேன், கென் நார்ட்டன், லேரி ஹோம்ஸ் என்று ஐந்து பேரை எடுத்துக்கொள்கிறேன். கையின் வேகம், அடியின் கனம், அடி தாங்கும் உடம்பு, ரிங்குக்குள் வேலை செய்யும் புத்தி என்று நான்கு அளவுகோல். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எங்கள் அப்பா அடிக்கடி சொல்லும் பழமொழி ஒன்று உண்டு. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். இந்தப் பழமொழிக்குக் கையும் காலும் முளைத்து ஒரு மனிதன் ரிங்கில் ஏறினான் என்றால் அது ஜோ ஃப்ரேசியர்தான். அமெரிக்காவில் தெற்குக் கரோலினா மாநிலம், பியூஃபோர்ட் பக்கம் ஒரு ஏழைக் குடும்பத்தில் 1944இல் பிறந்தவர். சாக்குப் பைக்குள் கந்தல் துணி, சோளத் தக்கை, நடுவில் ஒரு செங்கல் எல்லாம் திணித்து மரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் குத்திப் பழகிய பையன். பன்றி துரத்தியபோது ஓடி விழுந்ததில் இடது கை அடிபட்டது. சரியான வைத்தியம் இல்லாமல் கை முழுதாக நீட்ட முடியாமலே போனது. அந்த மடங்கிய கைதான் பிற்காலத்தில் உலகமே பயந்த லெஃப்ட் ஹூக், அதாவது பக்கவாட்டில் வளைந்து வரும் இடது கைக் குத்து. வாலிபத்தில் ஃபிலடெல்பியாவில் மாடு வெட்டும் இடத்தில் வேலை. 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் கட்டைவிரல் உடைந்த நிலையிலேயே தங்கம் வாங்கினார்.

அலியோடு நிற்க வைத்தால் ஃப்ரேசியர் நாலு அங்குலம் குள்ளம், கை நீளமும் குறைவு. அதனால் தலையைக் குனிந்து குனிந்து உள்ளே நுழைந்து அடிக்க வேண்டும். நுழையும்போது மூன்று வாங்கினால்தான் ஒன்று கொடுக்க முடியும். 1971 மார்ச் 8, நியூயார்க் மேடிசன் ஸ்குவேர் கார்டன். தோல்வியே காணாத இரண்டு பேர், ஆளுக்கு 25 லட்சம் டாலர். பதினைந்தாவது ரவுண்டில் அந்த லெஃப்ட் ஹூக் தாடையில் விழுந்தது, அலி மல்லாந்து விழுந்தார், உடனே எழுந்தும்விட்டார். ஆனால் தீர்ப்பு ஃப்ரேசியருக்குத்தான் போனது. அம்மி நகர்ந்தது.

ஆனால் 1973 ஜனவரியில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் அதே ஃப்ரேசியரை ஃபோர்மேன் இரண்டே ரவுண்டில் ஆறு முறை தரையில் போட்டார். இரண்டு மாதம் கழித்து நார்ட்டன் அலியின் தாடையை உடைத்து ஜெயித்தார். அடுத்த வருடம் அதே நார்ட்டனை ஃபோர்மேன் கராகஸில் இரண்டே ரவுண்டில் முடித்தார். அப்படிப்பட்ட ஃபோர்மேனை அலி வீழ்த்தினார். ஆக ஃப்ரேசியர் ஜெயித்தது அலியை, ஃபோர்மேன் ஜெயித்தது ஃப்ரேசியரை, அலி திரும்ப ஃபோர்மேனை. இந்தக் கணக்கில் யாரை முதலில் வைப்பது? டீக்கடையில் உட்கார்ந்து இதைப் பேசினால் விடிந்துவிடும்.

ஃபோர்மேனுக்கு அடியின் கனம் என்ற அளவுகோலில் போட்டியே கிடையாது. அலியோடு மோத ஆப்பிரிக்காவின் கின்ஷாசாவுக்குப் போகும்போது 40 போட்டி, 40 வெற்றி, அதில் 37 நாக் அவுட். அப்போது அவருக்கு 25 வயது, அலிக்கு 32. 1974 அக்டோபர் 30, ஜயர் நாடு (இன்றைய காங்கோ), விடியற்காலை போட்டி. அலி கயிற்றில் சாய்ந்துகொண்டு முகத்தைக் கையால் மூடிக்கொண்டு, ரவுண்டுக்குப் பின் ரவுண்டாக அடிக்க விட்டார். எட்டாவது ரவுண்டில் ஃபோர்மேனின் கை சோர்ந்தபோது முடித்தார். உலகம் அதைப் புத்திசாலித்தனம் என்று கொண்டாடியது, நானும்தான் கொண்டாடினேன். என் அறைச் சுவரில் அந்தப் படம் இருபது வருடம் தொங்கியது.

(உதவி ஆணையர் அவர்கள் இப்போதுதான் வருகிறார். வாருங்கள் ஐயா, வணக்கம். போக்குவரத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் இந்தத் தெருவில் ரிங் போட அனுமதி கொடுத்தவர் இவர்தான். தம்பி, ஐயாவுக்கு அந்த நாற்காலியைக் கொடு. ஒரு சால்வை போட்டுவிடுவோம். எல்லோரும் கை தட்டுங்கள்.)

சரி, அலியைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால் நான் 1980க்குப் போக வேண்டும். அந்த வருடத் தொடக்கத்தில் அலி நம் மெட்ராசுக்கு வந்தார், இங்கே பலருக்கு நினைவிருக்கும். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி. எம்.ஜி.ஆர். வந்திருந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர், சார்பட்டா பரம்பரை என்றால் உயிரை விடுகிறவர். அன்றைக்கு அரை நாள் கூலியை விட்டுவிட்டு என்னையும் அண்ணனையும் கூட்டிக்கொண்டு ராயபுரத்திலிருந்து நடந்தே கிளம்பினார். வால்டாக்ஸ் ரோடு, சென்ட்ரல், அப்புறம் மூர் மார்க்கெட். அங்கே ஒரு வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கி எங்கள் இரண்டு பேர் கையிலும் பாதி பாதி கொட்டினார். தான் ஒன்றுகூடத் தின்னவில்லை. கூட்டத்தைப் பார்த்ததும் நான் பயந்து அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். எங்களுக்குக் கிடைத்தது கடைசிப் படி. அங்கிருந்து ரிங் ஒரு தீப்பெட்டி அளவுக்குத்தான் தெரிந்தது.

அப்பா என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார். காலையெல்லாம் மூட்டை சுமந்த தோள், உப்பும் சணலும் கலந்த வாசனை. தூரத்தில் வெள்ளை அரைக்கால் சட்டையில் ஒரு ஆள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மிதந்துகொண்டிருந்தார். எனக்கு முகம்கூடத் தெரியவில்லை. அப்பா கீழேயிருந்து கத்தினார்: "காலைப் பாருடா! கால் தரையில படவே இல்ல பாரு!" நான் பார்த்தேன். படவில்லை என்றுதான் எனக்கும் தோன்றியது. திரும்பி வரும் வழியெல்லாம் அண்ணனும் நானும் வால்டாக்ஸ் ரோட்டில் அதே மாதிரி குதித்துக்கொண்டே வந்தோம். மறுநாள் காலையில் அண்ணன் போய்க் குத்துச்சண்டையில் சேர்ந்தார்.

இப்போது அடுத்த சில மாதத்தைக் கேளுங்கள். அதே 1980இல் அலி மறுபடி சண்டை போடப் போவதாக அறிவித்ததும், அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் அவரைப் பரிசோதித்தார்கள். விரலால் மூக்கைத் தொடச் சொன்னபோது குறி சற்றே தவறியது. ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னபோது எதிர்பார்த்த சுறுசுறுப்பு இல்லை. எந்தக் கால் தரையில் படவே இல்லை என்று என் அப்பா கத்தினாரோ, அதே கால். அப்படியும் அனுமதி கொடுத்தார்கள். அக்டோபர் 2, லாஸ் வேகாஸ். எதிரில் லேரி ஹோம்ஸ், ஒரு காலத்தில் அலிக்கே பயிற்சித் துணையாக நின்றவர். பத்து ரவுண்டு, பத்திலும் அலிக்குத் தோல்வி. ஹோம்ஸ் ஓங்கிய கையை நிறுத்தி நிறுத்தி நடுவரைப் பார்த்தார். போட்டி முடிந்து உள்ளே போய் அழுதார். 1984இல் அலிக்கு நடுக்க நோய் என்று வெளியே தெரிந்தது. அடிகள் மட்டும்தான் காரணமா என்பதில் மருத்துவர்களுக்குள் வாதம் உண்டு. ஆனால் ஜிம்மி எல்லிஸ்? நேரு ஸ்டேடியத்தில் அலிக்கு எதிரில் நின்ற அந்த மனிதர் முன்னாள் உலகச் சாம்பியன். அவரும் கடைசிக் காலத்தில் நினைவெல்லாம் போய் 2014இல் இறந்தார். நம் ஊர் ரிங்கில், என் கண் முன்னால், அன்றைக்கு நின்ற இரண்டு பேருக்குமே இதுதான் கதி.

ஜெர்ரி குவாரி என்று ஒருவர். 1970இல் மூன்றரை வருடத் தடைக்குப் பிறகு அலி திரும்பி வந்தபோது எதிர்த்து நின்றவர், ஃப்ரேசியரோடும் இரண்டு முறை மோதியவர். எவ்வளவு அடித்தாலும் முன்னால் வருவார். கடைசியில் தானாக உடை மாட்டிக்கொள்ளக்கூட முடியாமல், 1999இல் 53 வயதில் போய்விட்டார்.

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று அப்பா சொன்னதை உழைப்புக்குச் சொன்னதாக மட்டும்தான் இத்தனை நாள் எடுத்துக்கொண்டேன். இன்றைக்கு இங்கே இருக்கும் தாய்மார்களுக்கு வேறு மாதிரி சொல்கிறேன். மூளை மண்டையோட்டுக்குள் திரவத்தில் மிதக்கிறது. தாடையில் குத்து விழுந்து தலை சட்டென்று திரும்பும்போது மூளை அதே வேகத்தில் திரும்புவதில்லை. உள்ளே இழுபடுகிறது, முறுக்கப்படுகிறது. தலைக்கவசம் போட்டால் புருவம் கிழியாது, ஆனால் உள்ளே நடக்கும் அந்த ஆட்டத்தை அது நிறுத்தாது. ஒரு அடியில் ஒன்றும் தெரியாது. இருநூறு அடியிலும் தெரியாது. அம்மியே நகரும்போது மூளை எம்மாத்திரம்? 1928ஆம் ஆண்டிலேயே ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் குத்துச்சண்டை வீரர்களின் இந்த நோயைப் பற்றி எழுதிவிட்டார். கிட்டத்தட்ட நூறு வருடம் ஆகிறது.

என் அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு சனிக்கிழமை போட்டியில் விழுந்து, எண்ணி முடிக்கும் வரை எழவில்லை. எட்டாவது நாள் வேறொரு ஊரில் அவரை ரிங்கில் ஏற்றினார்கள். "நல்லா தாங்குவான்" என்பதுதான் அவருக்குப் பெயர். அந்தப் பெயருக்காகவே கூப்பிட்டார்கள். இன்றைக்கு வீட்டைப் பூட்டினோமா என்று நான்கு முறை திரும்பிப் போய்ப் பார்க்கிறார். சட்டைப் பொத்தானை அண்ணி போட்டுவிடுகிறார். யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை. எழுதி வைக்க ஒரு நோட்டு இல்லை, எட்டு நாளில் ஏற்றாதே என்று சொல்ல ஒரு ஆள் இல்லை.

ஆகவே நான் ஆரம்பத்தில் சொன்ன நான்கு அளவுகோலில் மூன்றாவதை இந்த மேடையிலேயே அடித்துவிடுகிறேன். அடி தாங்குவதைத் திறமை என்று இனி நான் பேச மாட்டேன். 1960களின் அலி அதிகம் அடி வாங்காதவர், அதுதான் அலி. எழுபதுகளில் தாங்கித் தாங்கி ஜெயித்ததைக் கொண்டாடியதில் நமக்கும் பங்கு உண்டு. நார்ட்டனைப் பற்றியும் ஹோம்ஸின் நேர்க்குத்தைப் பற்றியும் விரிவாகப் பேசுவதாக இருந்தேன். நேரம் ஆகிறது, பையன்கள் காத்திருக்கிறார்கள். யார் பெரியவர் என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன்.

எடி ஃபச்.

அவர் அந்த ஐந்து பேரில் இல்லை, பயிற்சியாளர். நார்ட்டன் அலியை வென்றபோது அவருடைய மூலையில் நின்றவர். 1975 அக்டோபர் 1, மணிலா. அலிக்கும் ஃப்ரேசியருக்கும் மூன்றாவது மோதல், கொளுத்தும் வெக்கை. பதினான்கு ரவுண்டு முடிந்து ஃப்ரேசியர் வந்து ஸ்டூலில் உட்காருகிறார். ஒரு கண் முழுக்க மூடிவிட்டது, மற்றதும் மூடிக்கொண்டிருக்கிறது, வருகிற குத்து தெரியவில்லை. பாக்கி மூன்றே நிமிடம். எதிர் மூலையில் அலியும் நிற்க முடியாமல் இருக்கிறார். ஃப்ரேசியர் எழப் பார்க்கிறார். ஃபச் அவர் தோளில் கை வைத்து உட்கார வைக்கிறார். "உட்கார் மகனே, முடிந்துவிட்டது. இன்றைக்கு நீ செய்ததை யாரும் மறக்க மாட்டார்கள்" என்றார். ரிங்கில் அடிபட்டு இறந்தவர்களைத் தன் கண்ணால் பார்த்தவர் அவர். உலகப் பட்டத்தைவிட அந்தப் பையனின் வீடு அவருக்குப் பெரிதாகத் தெரிந்தது. ஃப்ரேசியர் அதற்குப் பிறகு 36 வருடம் வாழ்ந்தார்.

சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, உங்களிடம் கொடுக்க ஒரு மனு வைத்திருக்கிறேன். வட சென்னையில் எந்தத் தெருவில் ரிங் போட்டாலும், அனுமதி கொடுக்கும்போதே மூன்று நிபந்தனை வேண்டும். ரிங் பக்கத்தில் ஒரு டாக்டர், தெருமுனையில் ஒரு ஆம்புலன்ஸ். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டு, நாக் அவுட் ஆனால் தேதி போட்டு எழுதி, குறைந்தது 30 நாள் எந்த ஊரிலும் ஏற்றக் கூடாது. சண்டையை நிறுத்தச் சொல்லி வாத்தியார் துண்டைப் போட்டால் யாரும் கேள்வி கேட்கக் கூடாது. மாநில, தேசியப் போட்டிகளில் நோட்டு இருக்கிறது. நம் தெருவில் இல்லை, அவ்வளவுதான். உதவி ஆணையர் ஐயாவும் இருக்கிறார், அனுமதி உங்கள் கையில். வாத்தியார் முதல் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இரண்டாவது கையெழுத்து என் அண்ணனுடையது. போட்டு முடிக்க அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

இன்றைக்கு மட்டும் நாங்களே ஏற்பாடு செய்திருக்கிறோம். டாக்டர் அம்மா இரண்டாவது வரிசையில் இருக்கிறார். அம்மா, நீங்கள் ரிங் பக்கம் வந்து உட்காருங்கள். நீலப் பக்கம், சிவப்புப் பக்கம், இரண்டு தம்பிகளும் மேலே வரலாம். நன்றி, வணக்கம்.