வேற கிரகத்துல மாட்டிக்கிட்டா எந்தக் கிருமிக்குப் பயப்படணும்

வானொலி நேயர்கள் எல்லாருக்கும் வணக்கங்க. நான் தர்மபுரியில காலேஜ் பசங்களுக்கு நுண்ணுயிரியல் எடுக்கறேன், அவங்க அடிக்கடி கேக்கற ஒரு கேள்வியப் பத்தித்தான் இன்னிக்குப் பேசப்போறேன். விண்கலம் ரிப்பேராகி வேற ஏதோ கிரகத்துல எறங்கிட்டோம், அங்க காத்து இருக்கு, தண்ணி இருக்கு, கண்ணுக்குத் தெரியாத உயிரும் இருக்குன்னு வச்சுக்குங்க, அந்த ஊரு கிருமி நம்மளக் கொன்னுடுமா? பூமிக்கு வெளிய ஒரு கிருமியக்கூட இதுவரைக்கும் யாரும் கண்டுபிடிக்கல, அதனால நம்ம மண்ணுல இருக்கறத வச்சுத்தான் யோசிச்சாகணும்.

ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றவங்ககிட்ட நல்ல காரணம் இருக்கு. பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் தக்காளி போடறவங்க, வெள்ளை ஈ பரப்பற இலைச்சுருள் வைரஸ் வந்த செடிய நாள் பூரா வெறுங்கையில புடுங்கிப் போடறாங்க, ஒருத்தருக்கும் அது ஒட்டறதில்ல. வைரஸ் உள்ள நுழையணும்னா நம்ம செல்லு மேல அதுக்குப் பொருந்தற புரதம் இருக்கணும், நுழைஞ்ச பின்னாடி நம்ம செல்லே அத காப்பி எடுத்துக் குடுக்கணும். இந்த பூமியிலயே வளந்த செடியோட வைரஸால ஆகாதது, தனியா எங்கயோ உருவான வைரஸால எப்படி ஆகும்? வைரஸ் விசயத்துல நானும் அவங்க பக்கம்தான்.

ஆனா நோய் குடுக்கறதுக்கு அது நம்மள நம்பிப் பொழைக்கற கிருமியா இருக்கணும்னு அவசியமே இல்லீங்க, இதச் சொல்லத்தான் வந்தேன். டெட்டனஸ்ங்கற ரணஜன்னி வராம இருக்க டிடி ஊசி போடறோமில்ல, அது எதனால வருது? மண்ணுலயும் சாணத்துலயும் கெடக்கற ஒரு பாக்டீரியா, அது வாழ மனுசனே வேண்டாம், ஆனா ஆணி குத்தின காயத்துல காத்துப்படாத ஆழத்துல போய் உக்காந்துச்சுன்னா அது விடற விஷம் நரம்பப் புடிச்சு தாடைய இறுக்கி ஒடம்ப வில்லா வளைச்சு ஆளையே கொல்லும். 2021ல கொரோனா ரெண்டாவது அலையில வந்த கருப்புப் பூஞ்சையும் அப்படித்தான், மக்கின இலைதழையில இருக்கறது, சக்கரை ஏறினவங்க, ஸ்டீராய்டு எடுத்தவங்கன்னு எதிர்ப்பு சக்தி கொறஞ்ச ஒடம்புல மூக்கு வழியா ஏறுச்சு, எத்தனையோ பேருக்கு கண்ண எடுக்க வேண்டியதாச்சு.

நம்ம எதிர்ப்பு சக்தி ஒரு கிருமிய அது மேல இருக்கற சில பொருள வச்சுத்தான் அடையாளம் கண்டுக்குது. அந்தப் பொருளே இல்லாத உயிர் வந்தா? புரதத்துக்குச் செங்கல்லு மாதிரி இருக்கறது அமினோ அமிலம், அது இடக்கை வலக்கை மாதிரி ஒண்ணுக்கொண்ணு கண்ணாடி பிம்பமா ரெண்டு வடிவத்துல இருக்கலாம், பூமியில புரதமெல்லாம் இடப்பக்க அமினோ அமிலத்துல கட்டினது. அதையே தலைகீழா வலப்பக்க அமிலத்துல ஒரு கண்ணாடி பாக்டீரியாவ லேபுல செஞ்சுடாதீங்கன்னு 2024 டிசம்பர்ல 38 விஞ்ஞானிங்க சயின்ஸ் பத்திரிகையில எழுதினாங்க, நம்ம ஒடம்பு அத சரியா கண்டுக்காம விட்டுடலாம், அது பாட்டுக்குப் பெருகலாம்ங்கறதுதான் அவங்க பயம். எனக்கும் அந்தப் பயம் உண்டு.

அதுக்கும் முன்னாடி நாம கூடவே கொண்டுபோற கிருமி இருக்கு. சின்ன வயசுல சின்னம்மை போட்டப்ப நரம்புல ஒளிஞ்சுக்கிட்ட வைரஸ் பின்னாடி அக்கியா வருதில்ல, அது விண்வெளிக்குப் போனவங்க எச்சில்ல திரும்பத் தலைகாட்டுச்சு. 1970ல நிலாவுக்குக் கெளம்பின அப்பல்லோ 13 விண்கலம் வழியில பழுதாயி உயிர் தப்பறதே பெரும்பாடா இருந்தப்ப, குளிர்ல, தண்ணியும் சரியா குடிக்காம, அதுல போன பிரெட் ஹேய்ஸுக்கு சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலோடதான் பூமிக்கு வந்தாரு. எல்லாம் பூமியிலிருந்து கூடவே போன கிருமி.

தண்ணியக் காய்ச்சிட்டா போதும்னும் நெனைக்காதீங்க. போர் தண்ணி ஃபுளோரைடு பல்லக் கறையாக்கி எலும்பக் கெடுத்தத நம்ம ஜில்லாவுல பாத்திருக்கோம், காய்ச்சினா தண்ணிதான் ஆவியாகும், ஃபுளோரைடு அப்படியே நிக்கும், அதுக்காகத்தான் ஒகேனக்கல் தண்ணி வந்துச்சு. செவ்வாய் மண்ணுல பெர்குளோரேட்ங்கற உப்பு இருக்கறத 2008ல ஃபீனிக்ஸ் விண்கலம் காட்டுச்சு, அது தைராய்டக் கெடுக்கும்.

மாட்டிக்கிட்டவங்க சின்னக் கீறலா இருந்தாலும் கொண்டுபோன தண்ணியில கழுவி மூடணும், தூசிய மூச்சுல இழுக்கக் கூடாது. யாருக்காவது காய்ச்சல் வந்தா புதுக் கிருமின்னு பதறாம மொதல்ல தொண்டையையும் பல்லையும் மூத்திரத்தையும் பாக்கணும், ஏன்னா கையில இருக்கற ஆன்டிபயாட்டிக் நம்ம ஊரு பாக்டீரியாவ அடிக்கறதுக்குன்னு வந்தது, அத அதுக்கே பத்திரமா வச்சுக்கணும். நன்றிங்க, வணக்கம்.