உஸ்ஸென்று போகும் காற்று

நேயர்களுக்கு வணக்கம். நம் சுங்கை சிப்புட்டில் விடியற்காலையில் மழை பிடித்தால் ரப்பர் பால்வெட்டு கிடையாது. ஆலையில் காற்றை நெருக்கித் தரும் கம்ப்ரசருக்கு அந்த விடுப்பு இல்லை. ஈரக் காற்றை அது அப்படியே இழுத்துக்கொள்ளும்.

30 டிகிரிச் சூட்டில், ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீர் ஆவியாக இருக்கும். அப்படி எட்டு கன மீட்டரை ஒன்றாக நெருக்கினால் 7 பார் அழுத்தம். சூடு ஆறியதும் தண்ணீர் கொட்டும். அதை வடித்த பிறகும் காற்று ஈரம்தான். குழாய்க்குள் துரு, வால்வுகளில் அடைப்பு எல்லாம் அதனால் வருவதே.

அதற்குத்தான் இரட்டைக் கோபுர உலர்த்தி. உள்ளே ஜவ்வரிசி மாதிரி வெள்ளை மணிகள், அலுமினா. ஒரு கிராமில் இருக்கும் நுண்துளைப் பரப்பை விரித்தால் இரண்டு பூப்பந்து மைதானத்தை மூடும். நீராவி அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. காய்ந்த மணிகளைக் கைநிறைய அள்ளி, கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உள்ளங்கை சுடும்.

ஒரு கோபுரம் ஈரத்தை இழுக்கும்போது மற்றது காய்கிறது. சூடேற்றி இல்லாத வகையில் ஏறக்குறைய ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வேலை மாறும். காய வைப்பது எது? உலர்ந்த காற்றில் சுமார் 15 விழுக்காடு. அழுத்தம் இறங்கியதும் அது பல மடங்கு விரிந்து, மணிகளில் ஒட்டிய ஈரத்தையும் வாரிக்கொண்டு உஸ்ஸென்று வெளியே போகும்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஆலையில், காற்று வீணாகிறது என்று, அந்த உஸ் காற்றை விடும் வால்வைத் திருகி அடைத்துவிட்டார்கள். மின்கட்டணக் கவலை எனக்கும் புரிகிறது. ஆனால் சில வாரத்தில் வால்வுகள் சிக்கத் தொடங்கின. கோபுரத்தைத் திறந்தால் மணிகள் ஈரம், மேலே பழுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு வேறு. ஈரம் என்றால் காய வைக்கலாம். எண்ணெய் குடித்த மணியைக் கொட்டிவிட்டுப் புதிது போடத்தான் வேண்டும். உலர்த்திக்கு முன்னால் எண்ணெயைப் பிடிக்கும் முன்வடிகட்டியைக் கவனிக்காததன் விலை அது. எல்லாவற்றையும் மாற்றினோம். வால்வைத் திறந்தோம். நன்றாக ஓடும் உலர்த்தியில் காற்று மைனஸ் 40 டிகிரிக் குளிரில்தான் ஈரம் கக்கும்.

ஆலையில் வேலை பார்க்கும் தம்பிமார்களே, தங்கைமார்களே, காலையில் உள்ளே போனதும் முன்வடிகட்டியின் அடியில் தேங்கிய தண்ணீர் தானாக வடிகிறதா என்று பாருங்கள். அப்புறம் அந்த உஸ் சத்தத்துக்குக் காது கொடுங்கள். நின்றிருந்தால் அன்றைக்கே மேற்பார்வையாளரிடம் சொல்லிவிடுங்கள்.