கிங் கிரிம்சனின் 'த்ரகட்டக்': பாட்டே இல்லாத ஆல்பத்தை எப்படிக் கேட்பது?

[திரையில்: மேடையில் ஆறு பேர்]

வணக்கம், பாலக்காடு சித்தூரிலிருந்து பேசுகிறேன். கிங் கிரிம்சன் என்ற இங்கிலாந்து புரோக்ரெஸிவ் ராக் (நீண்ட, சிக்கலான அமைப்புகள் கொண்ட ராக் வகை) குழு 1969இல் முதல் ஆல்பம் போட்டது, 1974இல் கலைந்தது, 80களில் ஒருமுறை கூடிப் பிரிந்தது, அப்புறம் 1994இல் மறுபடி கூடியபோது குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ராபர்ட் ஃப்ரிப் எல்லாவற்றையும் இரண்டிரண்டாக வைத்தார்: கிட்டாருக்கு அவரும் ஏட்ரியன் பெலூவும், பேஸ், ஸ்டிக் (கம்பிகளை விரலால் தட்டி வாசிக்கும் கருவி) பக்கம் டோனி லெவினும் ட்ரே கன்னும், டிரம்ஸில் பில் புரூஃபோர்டும் பேட் மாஸ்டலாட்டோவும்.

1995 கடைசியில் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் நடந்த கச்சேரிகளில் 'த்ராக்' என்று ஓர் உருப்படி. தொடக்கமும் முடிவும் முன்பே அமைத்தவை, நடுவில் அன்றைக்கு என்ன வருகிறதோ அதுதான். அந்த நடுப்பகுதிகளை வெட்டி ஒட்டி 1996இல் வந்ததுதான் 'த்ரகட்டக்'. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பாட்டு கிடையாது.

இதை இரைச்சல் என்று தள்ளிவிட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் வேலாவுக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, போய்ப் பஞ்சவாத்தியம் என்ற கேரள வாத்தியக் கச்சேரியைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதற்கான காது ஏற்கெனவே இருக்கிறது. திமிலை என்ற தோல்கருவி வாசித்து விட்ட இடத்தை மத்தளம் எடுக்கும், இவர்களும் அப்படித்தான். ஆனால் அங்கே இலத்தாளம் என்ற கைத்தாளம் காலத்தை விடாமல் பிடித்திருக்கும், எவ்வளவு தூரம் போனாலும் திரும்பி வர இடமுண்டு. இங்கே பல இடங்களில் அந்தப் பிடியே இல்லை, ஒருவர் காதை ஒருவர் நம்பித்தான் ஆறு பேரும் நிற்கிறார்கள்.

அதனால் தாளத்தைத் தேடாதீர்கள். யார் நிறுத்துகிறார் என்று கேளுங்கள்.

[திரையில்: ஆம்ஸ்டர்டாம், 1973]

இந்தக் குழுவுக்கு அது பழைய பாடம். 1973 நவம்பரில் ஆம்ஸ்டர்டாம் மேடையில் வயலினும் பேஸும் மெல்லோட்ரானும் (பதிவுசெய்த ஒலிநாடாக்களை இசைக்கும் கீபோர்டு) மெதுவாகப் பேசிக்கொண்டிருக்க, புரூஃபோர்டு குச்சிகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு கடைசிவரை ஓர் அடிகூட அடிக்கவில்லை. 1974இல் அது 'ட்ரியோ' என்று ஆல்பத்தில் வந்தபோது இயற்றியவர்களில் அவர் பெயரும் இருந்தது. எவ்வளவு பெரிய மரியாதை பாருங்கள்!

சரி, 'த்ரகட்டக்'கில் அந்த அடக்கம் எப்போதும் இருக்கிறதா? இல்லை, சில இடங்களில் ஆறு பேர் என்பது கூட்டம்தான், ஒருவர் விட்ட இடைவெளியை இன்னொருவர் உடனே அடைத்துவிடுகிறார். 1997இல் அவர்களே சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரிந்து வாசிக்கத் தொடங்கினார்கள். அதில் 'புராஜெக்ட் ஒன்' என்ற நால்வர் அணி, அந்த டிசம்பரில் லண்டன் ஜாஸ் கஃபேயில் நான்கு இரவுகள் வாசித்தது, புரூஃபோர்டும் அதில் உண்டு. முதலில் 'ட்ரியோ', பிறகு 'த்ரகட்டக்', கடைசியாக அந்த லண்டன் இரவுகள். இந்த வரிசையில் கேளுங்கள், ஹெட்போன் போட்டு.