ஃபைலை அனுப்பாதீர்கள், கதவைத் திறந்து காட்டுங்கள்: நிறுவனத்துக்குள் கரிமத் தரவைப் பகிரும் முறை

[திரையில்: கைப்பேசியில் ஒரு வாட்ஸ்அப் உரையாடல்]

வணக்கம்.

"அண்ணே, போன காலாண்டு கரண்ட் பில்லும் டீசல் கணக்கும் கொஞ்சம் அனுப்புங்க, அறிக்கைக்கு வேணும்." இப்படி ஒரு செய்தி உங்களுக்கு வந்திருக்கலாம், நீங்களே அனுப்பியும் இருக்கலாம். பதிலுக்கு ஓர் எக்செல் ஃபைல் வரும். வேலை முடிந்தது என்று இரண்டு பேரும் நினைத்துக்கொள்வார்கள்.

அந்த ஃபைலைப் பற்றித்தான் இந்த வீடியோ. ஒரே நிறுவனத்துக்குள், ஒரு துறையின் கிளவுட் (இணையம் வழிக் கணினிச் சேவை) அக்கவுண்டில் இருக்கும் சுற்றுச்சூழல் தரவை, அதாவது கரண்ட், டீசல் பயன்பாட்டையும் அதனால் வெளியேறும் கரிமத்தையும், இன்னொரு துறை எப்படிப் பாதுகாப்பாகப் பார்க்கலாம்? ஃபைலை அனுப்பாமலே பார்க்க வைக்கலாம். அதுதான் சரியான வழி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த எண்களுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? சிங்கப்பூரில் கரிம வரி 2019ல் ஒரு டன் வெளியேற்றத்துக்கு 5 வெள்ளியாகத் தொடங்கியது. 2024ல் 25 வெள்ளி, 2026ல் 45 வெள்ளி. 2030க்குள் 50 முதல் 80 வெள்ளி வரை போகும் என்பது அரசாங்கத்தின் அறிவிப்பு. ஆண்டுக்கு 25,000 டன், அதற்கு மேல் வெளியேற்றும் ஆலைகள்தான் அதை நேரடியாகக் கட்டுகின்றன. ஆனால் சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனங்கள் எல்லாமே, பெரிதானாலும் சிறிதானாலும், 2025லிருந்து தொடங்கும் நிதியாண்டுகளுக்கு ஸ்கோப் 1 (நிறுவனமே நேரடியாக வெளியேற்றுவது), ஸ்கோப் 2 (வாங்கும் மின்சாரத்தால் வருவது) வெளியேற்றத்தைக் கட்டாயம் வெளியிட வேண்டும். அவர்களுக்குச் சரக்கு ஏற்றுபவர், கிடங்கு வாடகைக்கு விடுபவர், உணவு தயாரித்துக் கொடுப்பவர் என்று பலரிடமும் அடுத்து இதே கேள்வி வருகிறது.

[திரையில்: துவாஸ், தஞ்சோங் பகார் குறிக்கப்பட்ட சிங்கப்பூர் வரைபடம்]

உதாரணத்துக்கு ஒரு நிறுவனம். நாமே கற்பனை செய்துகொள்வோம். துவாஸில் உறைந்த மீனும் இறைச்சியும் வைக்கும் குளிர்பதனக் கிடங்கு. சரக்கு ஏற்ற லாரிகள். தஞ்சோங் பகாரில் தலைமை அலுவலகம்.

லாரிகள் எரிக்கும் டீசல் ஸ்கோப் 1. ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 2.7 கிலோ கார்பன் டைஆக்சைடு. குளிர்பதன இயந்திரத்திலிருந்து கசியும் வாயுவும் ஸ்கோப் 1தான். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. ஆர்-404ஏ என்ற வாயு 1 கிலோ கசிந்தால், அது சுமார் 3.9 டன் கார்பன் டைஆக்சைடுக்குச் சமம். டீசலில் சொன்னால், ஏறத்தாழ 1,450 லிட்டர் எரித்த கணக்கு. பராமரிப்புக்கு வந்தவர் "கேஸ் டாப்அப் 2 கிலோ" என்று எழுதிவிட்டுப் போகும் அந்தச் சின்னச் சீட்டு அவ்வளவு கனமானது.

மின்சாரம் ஸ்கோப் 2. சிங்கப்பூரின் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. ஒரு யூனிட்டுக்கு, அதாவது ஒரு கிலோவாட் மணிக்கு, ஏறக்குறைய 0.4 கிலோ கார்பன் டைஆக்சைடு. கிடங்கு மாதம் 50,000 யூனிட் எடுத்தால் 20 டன். மீதி எல்லாம் ஸ்கோப் 3: ஊழியர்கள் வேலைக்கு வரும் பயணம், விமானப் பயணம், வாங்கும் பொருள்கள், கம்பெனி வாடகைக்கு எடுத்திருக்கும் கிளவுட் கணினிகளும்கூட.

இப்போது இந்தத் தரவு எங்கெங்கே உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். கிடங்கின் மீட்டர் எண்கள் செயல்பாட்டுத் துறையின் கிளவுட் அக்கவுண்டில். டீசல், லாரிப் பிரிவின் அக்கவுண்டில். பயண விவரம் மனிதவளத் துறையிடம். அறிக்கை எழுதும் குழுவுக்குத் தனி அக்கவுண்ட். ஒன்றில் திருடன் நுழைந்தாலோ ஒருவர் தவறாக எதையாவது அழித்தாலோ மற்றவை பிழைத்திருக்க வேண்டும் என்றுதான் வேண்டுமென்றே பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பிரிவை உடைக்காமல் எண்களை ஒன்றுசேர்க்க வேண்டும். சிக்கல் அங்கேதான்.

"சுற்றுச்சூழல் தரவுதானே, யார் பார்த்தால் என்ன" என்று ஒரு பேச்சு உண்டு. அதை நான் கடுமையாக மறுக்கிறேன். குளிர்பதனக் கிடங்கின் மணிவாரி மின்சாரக் கணக்கைப் பார்த்தாலே எந்த அறை எப்போது நிரம்பியது, எந்த மாதம் வியாபாரம் மந்தம் என்று போட்டியாளர் கண்டுபிடித்துவிடுவார். டீசல் கணக்கில் லாரியின் பாதை இருந்தால் வாடிக்கையாளர் பட்டியலே அதில் இருக்கிறது.

ஊழியர் பயணத் தரவு இன்னும் ஆபத்து. வீட்டிலிருந்து அலுவலகம் எவ்வளவு தூரம் என்று கணக்கிட, அஞ்சல் குறியீட்டைக் கேட்பது வழக்கம். வேறு பல ஊர்களில் அஞ்சல் குறியீடு ஒரு வட்டாரத்தைக் காட்டும். சிங்கப்பூரில் 1995லிருந்து இருக்கும் ஆறு இலக்கக் குறியீடு ஒரு கட்டடத்தையே காட்டும். வீவக (அரசு அடுக்குமாடி) புளோக் என்றால் அந்த ஒரு புளோக். தரைவீடு என்றால் அந்த ஒரு வீடு. அதோடு துறையும் வேலை தொடங்கும் நேரமும் சேர்ந்துவிட்டால், பெயரே இல்லாவிட்டாலும் ஆளைச் சொல்லிவிடலாம். இது தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்துவிடும் தரவு. 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தகவல் வெளியே போனால் அறிவிக்க வேண்டிய கசிவாகிவிடும். அப்படி என்று மதிப்பிட்டதிலிருந்து மூன்று நாள்களுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்திடம் சொல்லியாக வேண்டும்.

அதனால், பகிர்வதற்கு முன்பே சுத்தம் செய்யுங்கள். மனிதவளத் துறை தன் அக்கவுண்டுக்குள்ளேயே குறியீட்டைத் தூரமாக மாற்றட்டும்: 5 கிலோமீட்டருக்குள், 5 முதல் 10, 10 முதல் 20. எம்ஆர்டி, பேருந்து, கார் என்று பயண வகைக்கு எத்தனை பேர் என்ற கூட்டுத்தொகை மட்டும் வெளியே வரட்டும். அறிக்கைக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. மூன்று நான்கு பேர் மட்டும் இருக்கும் குழுவைத் தனி வரியாகக் காட்டக் கூடாது. கூட்டுத்தொகை என்ற பெயரில் ஆள்களைக் காட்டியதாகிவிடும். பக்கத்துக் குழுவோடு சேர்த்துவிடுங்கள்.

[திரையில்: இரண்டு பெட்டிகள். "கிடங்கு அக்கவுண்ட்", "அறிக்கைக் குழு அக்கவுண்ட்"]

சரி, இனி பகிரும் வழி. ஃபைலை மின்னஞ்சலில் அனுப்பினால் அந்த நிமிடத்திலிருந்து இரண்டு பிரதிகள். யாரோ ஒருவர் தன் பிரதியைத் திருத்துவார். ஆறு மாதம் கழித்து எது உண்மை என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பாஸ்வேர்டைச் சொல்லிவிடுவது அதைவிட மோசம். யார் உள்ளே வந்தார்கள் என்ற தடயமே அழிந்துபோகும்.

நான் சொல்லும் வழியில் தரவு நகராது. கிடங்கு அக்கவுண்டிலேயே இருக்கும். பார்க்க வேண்டியவர் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வருவார். ஷென்டன் வேயில் ஓர் அலுவலகக் கட்டடத்துக்குள் போகிறீர்கள். கீழே வருகையாளர் பாஸ் கொடுக்கிறார்கள். 14வது மாடிக்கு மட்டும் லிஃப்ட் திறக்கும். சாயங்காலம் அந்த பாஸ் செத்துவிடும். கிளவுடில் அந்த பாஸுக்கு 'ரோல்' என்று பெயர்.

அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸை வைத்து விளக்குகிறேன். மற்ற கிளவுடுகளிலும் யோசனை ஒன்றுதான், பெயர்கள் மாறும். கிடங்கு அக்கவுண்டில் ஒரு ரோலை உருவாக்குகிறோம். அதற்கு இரண்டு ஆவணங்கள், அதாவது விதிகள். ஒன்று, இந்த ரோலை யார் எடுத்துக்கொள்ளலாம் என்பது. இன்னொன்று, எடுத்துக்கொண்டவர் என்ன செய்யலாம் என்பது. முதலாவதில் அறிக்கைக் குழுவின் குறிப்பிட்ட ரோலின் பெயரை மட்டும் எழுதுங்கள். இரண்டாவதில், எஸ்3 பக்கெட்டில் (ஏடபிள்யூஎஸ்ஸில் ஃபைல்களைச் சேமிக்கும் இடம்) மாதக் கூட்டுத்தொகை இருக்கும் அந்த ஒரு ஃபோல்டரை வாசிக்க மட்டும் அனுமதி. எழுத, அழிக்க எதுவும் கிடையாது.

இது பாதிதான். அறிக்கைக் குழுவின் அக்கவுண்டிலும், "எங்கள் ஆள் அந்த ரோலை எடுக்கலாம்" என்று அனுமதி தர வேண்டும். இரண்டு பக்கமும் சரி என்று சொன்னால்தான் கதவு திறக்கும். முதல் முறை அமைக்கும்போது இது எரிச்சலாகத்தான் இருக்கும். ஒரு பக்கம் எல்லாம் சரியாக இருந்தும் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று வந்துகொண்டே இருக்கும். பொறுமையாக இருங்கள். கிடங்குத் துறைக்குத் தெரியாமல் யாரும் உள்ளே வர முடியாது, அறிக்கைக் குழுவின் பொறுப்பாளருக்குத் தெரியாமல் அவருடைய ஆள் வெளியே போக முடியாது என்ற பாதுகாப்பு அந்தத் தொல்லைக்குள்தான் இருக்கிறது.

ரோலை எடுத்ததும் ஒரு தற்காலிகச் சாவி கிடைக்கும். ஒன்றும் மாற்றாவிட்டால் 1 மணி நேரம் செல்லும். 15 நிமிடமாகக் குறைக்கலாம். ஒரு ரோலிலிருந்து இன்னொரு ரோலை எடுக்கும் இந்த முறையில் 1 மணி நேரத்துக்கு மேல் கூட்ட முடியாது. மாதம் ஒரு முறை கூட்டுத்தொகை எடுப்பவருக்கு 1 மணி நேரமே தாராளம்.

ரோல் இல்லாமல், பக்கெட்டின் விதியிலேயே நேரடியாக இன்னோர் அக்கவுண்டுக்கு அனுமதி எழுதும் வழியும் உண்டு. தினமும் தானாக ஓடும் நிரல்களுக்கு அது வசதி. அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. ஃபைல்கள் ஏடபிள்யூஎஸ் தானே நிர்வகிக்கும் கேஎம்எஸ் சாவியால் (ஃபைல்களை மறைகுறியாக்கும் சாவி) பூட்டப்பட்டிருந்தால், பக்கெட் விதியை எவ்வளவு அழகாக எழுதினாலும் அடுத்த அக்கவுண்டால் திறக்க முடியாது. அந்தச் சாவியின் விதியை நாம் மாற்ற முடியாது. நாமே உருவாக்கிய சாவியால் பூட்டி, அந்தச் சாவியின் விதியிலும் அவர்கள் பெயரைச் சேர்க்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்காமல் கடைசியில் "பொதுவில் திறந்துவிடு, பிறகு மூடிக்கொள்ளலாம்" என்று யாராவது சொல்வார்கள். ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். நேரடி விதி எழுதினால் கூடவே இரண்டு நிபந்தனைகள் போடுங்கள்: கேட்பவர் நம் நிறுவனத்தின் அமைப்புக்குள் இருக்கும் அக்கவுண்டாக இருக்க வேண்டும், இணைப்பு மறைகுறியாக்கப்பட்டதாக இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம், பலரைக் குழப்புவது. விதியில் பெயர் எழுதப்பட்ட ஒரு ரோலை அழித்துவிட்டு, அதே பெயரில் புதிதாக உருவாக்கினால் பழைய அனுமதி வேலை செய்யாது. உள்ளே இருக்கும் அடையாள எண் வேறு. பழைய பெயரைத் திருட்டுத்தனமாக எடுத்து யாரும் நுழையக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. விதியைத் திறந்து, அந்த ரோலின் பெயரை மறுபடி எழுதிச் சேமித்தால் சரியாகிவிடும்.

கிளவுடின் சொந்த வெளியேற்றம் என்றேனே, அதைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். ஏடபிள்யூஎஸ் 2022 மார்ச்சில் வாடிக்கையாளர்களுக்கான கரிமத் தடக் கருவியை வெளியிட்டது. எல்லா அக்கவுண்டுகளின் எண்களையும் ஒருசேரப் பார்க்க வேண்டுமென்றால் நிர்வாக அக்கவுண்டுக்குள் போக வேண்டும். அந்த அக்கவுண்டுதான் முழு நிறுவனத்துக்கும் பில் கட்டுகிறது, புது அக்கவுண்டுகளைத் திறக்கிறது, பழையதை மூடுகிறது. ஒரு கரிம எண்ணைப் பார்ப்பதற்காக அறிக்கை எழுதும் தம்பிக்கு அங்கே உள்நுழைவு கொடுப்பது பெரிய தவறு. அந்தத் தரவை எஸ்3 பக்கெட்டுக்கு ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறது. அப்படி எடுத்து, தனியாக ஒரு தரவு அக்கவுண்டில் வைத்து, அங்கிருந்து மேலே சொன்ன ரோல் வழியாகக் காட்டுங்கள். கூகல் கிளவுட்டில் இருப்பவர்கள் அதன் தரவுக் கிடங்கான பிக்குவெரிக்கு ஏற்றுமதி செய்து, அந்த ஒரு டேட்டாசெட்டுக்கு (தரவுத் தொகுப்புக்கு) மட்டும் வாசிக்கும் அனுமதி கொடுக்கலாம்.

[திரையில்: ஓர் அட்டவணை. அலகு, காலம், காரணி ஆண்டு, மூலம்]

பாதுகாப்பு என்றால் திருட்டைத் தடுப்பது மட்டும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எண் தானாக மாறிப்போகாமல் இருப்பதும் பாதுகாப்புதான். ஒவ்வொரு வரியிலும் அளவு, அலகு, எந்த மாதம், எந்த ஆண்டின் காரணி (பயன்பாட்டைக் கரிமமாக மாற்றப் பெருக்கும் எண்), எந்த பில் என்று இருக்கட்டும். எரிசக்திச் சந்தை ஆணையம் மின்சாரக் காரணியை ஆண்டுதோறும் வெளியிடுகிறது, அது மாறுகிறது. "20 டன்" என்று மட்டும் எழுதி வைத்தால், எந்தக் காரணியால் பெருக்கியது என்று பின்னால் யாரும் சரிபார்க்க முடியாது. கிலோவாட் மணியும் மெகாவாட் மணியும் மாறிவிட்டால் பிழை ஆயிரம் மடங்கு. பக்கெட்டில் பழைய பதிப்புகளைக் காக்கும் வசதியை இயக்குங்கள். அறிக்கை சமர்ப்பித்த பிறகு அந்த ஆண்டின் ஃபைல்களைத் திருத்த முடியாதபடி பூட்டிவிடுங்கள். அதற்கு எஸ்3யிலேயே ஆப்ஜெக்ட் லாக் இருக்கிறது.

வெளித் தணிக்கையாளர் வருவார். அவருடைய நிறுவனத்துக்குச் சொந்தக் கிளவுட் அக்கவுண்ட் இருந்தால் அவருக்கும் ரோல்தான். கூடுதலாக ஓர் எக்ஸ்டர்னல் ஐடி, அதாவது நமக்கென்று தனியாக ஒரு அடையாளக் குறி, சேர்க்க வேண்டும். அவர் பல நிறுவனங்களுக்கு வேலை பார்ப்பவர். இன்னொரு வாடிக்கையாளர் நம் ரோலின் பெயரை அவருடைய மென்பொருளில் கொடுத்து நம் தரவை எடுத்துவிடாமல் அந்த ஐடி தடுக்கும். தணிக்கை முடிந்த அன்றே ரோலை அழித்துவிடுங்கள். அடுத்த வருடம் புதிதாக உருவாக்க அரை மணி நேரம்கூட ஆகாது.

அப்புறம், யார் எப்போது பார்த்தார்கள் என்ற பதிவு. ஏடபிள்யூஎஸ்ஸின் பதிவேடான கிளவுட்டிரெயிலில் ரோலை எடுத்த நிகழ்வு தானாகவே பதிவாகும். ஆனால் உள்ளே போய் எந்த ஃபைலைத் திறந்தார்கள் என்பது தானாகப் பதிவாகாது. எஸ்3யின் தரவு நிகழ்வுகளை நாம்தான் தனியாக இயக்க வேண்டும்; அதற்குக் கட்டணம் உண்டு, அதனால் கரிமத் தரவு இருக்கும் பக்கெட்டுக்கு மட்டும் இயக்கினால் போதும். இதை நிதியாண்டு தொடங்குவதற்கு முன்பே செய்துவிடுங்கள். இயக்காத நாள்களின் பதிவை, தணிக்கையாளர் கேட்ட பிறகு, எங்கிருந்தும் கொண்டுவர முடியாது.